படுக்க வைத்து மாட்டிய சக்கரம்

என் வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிடும்போது கரண்டியால் தட்டில் மூன்று தட்டு தட்டுவாள். கோபமென்றால் எண்ணிக்கை கிடையாது. நான் எழுந்திருக்கும்வரை விடாமல் அடிப்பாள். பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் வேலை கிடைத்ததென்று அவள் சொன்னபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கு உன்னை விட்டா வேற ஆளே இல்ல" என்று சிரித்துவிட்டேன். அவள் வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

இன்று முதல் நாள். எட்டரைக்கு மணியடிக்க வேண்டும். ஏழு மணிக்குப் பார்த்தால் அவள் போகவேண்டிய சைக்கிளின் பின் டயரில் காற்றே இல்லை.

"நான் பாத்துக்கறேன்" என்றேன், பெரிய மனிதனாக.

நான் தையற்காரன். துணி வெட்டும் மேஜையில் போட்டால்தான் எனக்கு எந்த வேலையும் ஓடும். சைக்கிளையும் அதன்மேல் படுக்க வைத்து, சக்கரத்தைக் கழற்றி, டியூபுக்கு ஒட்டுப்போட்டு, திரும்ப மாட்டி, நட்டு இரண்டையும் இறுக்கினேன். இறக்கிச் சுற்றினால் இடப்பக்க பிரேக் கட்டை சரக் சரக்கென்று ரிம்மில் உரசுகிறது.

ஒரு தோள் இறங்கிய ஆளுக்குச் சட்டையைத்தானே தோதாகத் தைப்போம், ஆளையா நிமிர்த்துவோம்? பிரேக்கை இடப்பக்கம் தள்ளி வைத்தேன். உரசல் நின்றது. அவள் ஏறி உட்கார்ந்தாள். இப்போது டயரே ஃபிரேமில் உரசியது. மணி எட்டைத் தாண்டிவிட்டது.

"வேணும்னே செய்றீங்களா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"சத்தியமா இல்ல."

அவள் குனிந்து டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரலை விட்டாள். வலப்பக்கம் இரண்டு விரல் போனது. இடப்பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

"சக்கரமே கோணலா இருக்கு, பிரேக்கைப் போய் நோண்டியிருக்கீங்க. எப்படி மாட்டினீங்க இதை?"

"மேஜையில படுக்க வச்சு."

"சட்டை தைக்க வர்றவங்களைப் படுக்க வச்சா அளவெடுப்பீங்க?"

சைக்கிளை நிறுத்திப் பிடித்து நட்டுகளைத் தளர்த்தினேன். அவள் சீட்டை ஓங்கி அழுத்தினாள். ஒரு பக்கம் தொக்கி நின்ற சக்கரத்தின் அச்சு, டக்கென்று ஃபிரேமின் காடிப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. இடைவெளியை அளக்கக் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தேன்.

"அதைக் கீழ வச்சிட்டு ஸ்பானரை எடுங்க!"

இறுக்கினேன். பிரேக்கை நடுவுக்குக் கொண்டுவந்து நாலு தரம் பிடித்துப் பார்த்தேன். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. எட்டு பதினெட்டுக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. மணிச்சத்தம் நேரே வந்துவிடும், ஆள்தான் பாலத்தைச் சுற்றிப் போகவேண்டும். மிஷினில் உட்கார்ந்தேன், தையல் ஓடவில்லை. ஒருவர் பேன்ட்டோடு வந்து, "இடுப்பைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றேன்.

சரியாக எட்டரைக்கு மணி அடித்தது. மூன்றோடு நிற்கவில்லை, பத்தோடும் நிற்கவில்லை.

"என்னங்க, விடாம அடிக்கிறாங்க?" என்றார் அவர்.

"என் வீட்டுக்காரிங்க! நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டா!"

சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில் எழுந்து நின்றேன். மணி நின்றது.