உலை மூடுவதற்கு முன் சில வரைவுகள்

1.

இது பாராட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஷியா பணி ஓய்வு பெறுகிறாள். சீனாவில் ஷிஆன் நகரத்தில் நாங்கள் வேலை பார்த்த மின்வில் ஆய்வுக்கூடத்தார் அவளுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள். கூட இருந்தவன் என்று என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டார்கள். சீன மொழியில் அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். ஷியா மேதை, ஷியா உழைப்பாளி, ஷியா இல்லாவிட்டால் பாதி ஊருக்கு விளக்கெரியாது. படித்துப் பார்த்ததும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு தமிழில் இதைத் தொடங்கினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் வீரம் அவ்வளவுதான்.

பொறாமை என்னுடையது. அதைச் சுமக்க லுவோ என்று உள்ளூர்க்காரன் ஒருவனை உண்டாக்கியிருக்கிறேன்.

2.

"லுவோ நல்லவன். ஆனால்"

(வேண்டாம். 'ஆனால்' வந்ததுமே உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.)

"பாயும் மின்சாரத்தைத் துண்டிப்பது"

(வகுப்பெடுக்கிறேன். ஆனாலும் இது தெரியாமல் கதை நகராது.)

பெரிய சர்க்யூட் பிரேக்கருக்குள் காற்றே இல்லாத பீங்கான் குடுவை ஒன்று இருக்கும். அதற்குள் இரண்டு செம்பு முனைகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். கோளாறு வந்தால் பிரியும். பிரிந்தாலும் மின்சாரம் லேசில் விடாது. முனையின் உலோகத்தையே ஆவியாக்கி, அந்த ஆவி வழியாகத் தாண்டும். அதுதான் மின்வில். நாற்பதாயிரம் ஆம்பியர் ஓரிடத்தில் திரண்டால் முனை உருகிவிடும். லுவோவின் முறை, வில்லை நிற்கவிடாமல் விரட்டுவது. ஷியாவின் முறை, அதை முனை முழுக்கப் பரத்துவது. எல்லாம் முனையில் போடும் சாய்ந்த வெட்டுகளின் வேலை. லுவோவின் ஜோடியில் வெட்டுகள் எதிரெதிராகச் சாயும். ஷியாவின் ஜோடியில் இரண்டும் ஒரே பக்கம்.*

* மேலும் அறிய ஷியாவின் கட்டுரைகளைப் படியுங்கள். ஊரே படிக்கிறது.

3.

லுவோ ஆறு வருடம் உயிரைக் கொடுத்த முறையை, ஆய்வுக்கூடத் தலைவரான வாத்தியார் ஓரங்கட்டிவிட்டு, நேற்று வந்த ஷியாவின் முறையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். மறுநாள் மதியம் இருவரும் ஆட்டிறைச்சிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ரொட்டியை நாமே கிள்ளிக் கிண்ணத்தில் போட வேண்டும். பிறகுதான் உள்ளே கொண்டுபோய்ச் சூப்பில் கொதிக்க வைப்பார்கள்.

"என்ன அண்ணே, கிள்ளச் சொன்னா பிச்சுப் போட்டு வெச்சிருக்கீங்க? சமையக்காரர் பாத்தா மானம் போயிரும்."

"பசி."

"பசியா, கோவமா?"

"உன் மேல எனக்கு என்னம்மா கோவம்?"

"அப்ப இப்படித் தள்ளுங்க கிண்ணத்த."

அவனுக்கும் சேர்த்துப் பயறு பயறாகக் கிள்ளிப் போட்டாள். லுவோவுக்கு இன்னும் எரிந்தது. கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். (கதை சுலபமாகட்டும் என்று இரண்டு நாள் அவளிடம் ஒரு கெட்ட குணம் தேடினேன். அகப்படவில்லை.)

4.

அன்று பிற்பகல் உலைக்கூடம். குடுவையை உலைக்குள் வைத்து, காற்றை இழுத்து, சூட்டில் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் அறுத்தால்தான் உள்ளே பார்க்கலாம். அதனால் பீங்கானைக் கவிழ்க்கும் முன் செய்தவரல்லாத இன்னொருவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று பார்க்க வேண்டியவன் லுவோ. ஷியா சோதனைக் கூடத்தில் கேமராவைச் சரிபார்க்கப் போயிருந்தாள்.

லுவோ குனிந்தான். மேல்முனையின் வெட்டு வலப்பக்கம் சாய்ந்தது. கீழ்முனையின் வெட்டு இடப்பக்கம்.

கீழே இருந்தது ஷியாவின் முனையே இல்லை. அவனுடையது. அளவும் நிறமும் ஒன்றுதான் என்பதால், கழுவும் தட்டில் கிடந்த அவனுடைய பழைய ஜோடியில் ஒன்று மாறி ஏறியிருக்கிறது. பெற்றவனுக்குத் தன் பிள்ளையைத் தெரியாதா? எதிரெதிராகச் சாய்ந்தாலும் வெட்டின் ஆழம் வேறு வேறு; இந்த இரண்டும் சேர்ந்தால் வில் பரவவும் செய்யாது, ஒழுங்காக ஓடவும் செய்யாது. வியாழக்கிழமை சோதனையில் வாத்தியாரின் கண்ணெதிரே ஓரிடத்தில் திரண்டு உருக்கும். அவர் லுவோவின் முறையை மறுபடி கையில் எடுப்பார்.

அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும்.

உலைக்காரி தொங் அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். "என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி இவ்ளோ நேரம் பாக்குற?"

"இருங்கக்கா."

"தாம்பூலத் தட்டு மாத்திக்கிறியா? மூடலாமா?"

5.

(அ) சொல்லிவிடுகிறான். ஷியா ஓடி வந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். "அண்ணே, நீங்க தெய்வம்!" வியாழக்கிழமை அவள் ஜெயிக்கிறாள். கட்டுரையில் நன்றிப் பட்டியலில் எட்டாவதாக அவன் பெயர் வருகிறது. எட்டாவது என்று எழுதும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

(ஆ) சொல்லவில்லை. முனை உருகுகிறது. குடுவையை அறுக்கிறார்கள். ஷியா அந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். யார் பார்த்து அனுப்பியது என்று வாத்தியார் கத்துகிறார். "நான்தான் சார் மாத்தி வெச்சுட்டேன்" என்கிறாள். மறுவாய்ப்புக் கிடைக்க அவளுக்கு இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது.

(இ) தொங் அக்காவே கண்டுபிடிக்கிறாள். (ஏமாற்று வேலை. அடித்துவிட்டேன்.)

மூன்றில் ஒன்றில் மட்டும் மாதக் கணக்கு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதுகிறவனுக்குக் கற்பனை பொங்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்துவிட வேண்டாம்.

6.

இந்த இடத்தில் கதையை முடித்திருப்பேன். நேற்று ஷியா போன் பண்ணினாள்.

"மலருக்கு எழுதிட்டீங்களா அண்ணே?"

"எழுதிட்டேன். உன்னத் தூக்கி வெச்சு எழுதிருக்கேன்."

"பொய்யா எழுதாதீங்க. இன்னும் ரொட்டியப் பிச்சுத்தான் போடறீங்களா?"

"வயசாச்சு. இப்பக் கிள்றேன்."

"அந்த உருகின முனை இன்னும் என் மேசமேலதான் இருக்கு. பேப்பர் பறக்காம இருக்க வெச்சிருக்கேன்."

யாருடைய முனை என்று அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருடமாக அவளுக்குத் தெரியுமா என்பது என்னைத் தின்கிறது. தெரிந்தும் எனக்காகப் பழியை ஏற்றிருந்தால், அந்தப் பெருந்தன்மையின் மேலும் எனக்குப் பொறாமைதான்.

மலர்க்குழுவுக்கு அனுப்ப வேண்டிய உறை மேசையில் இருக்கிறது. உள்ளே சீனத்தில் இரண்டு பக்கம். பக்கத்தில் இந்தத் தமிழ்த் தாள்கள். இவற்றையும் வைத்தால் மொழிபெயர்த்துச் சொல்ல அவளுக்கு ஆள் கிடைக்கும். வைக்காவிட்டால் மலர் அழகாக வரும்.

இம்முறை இன்னொருவராகப் பார்ப்பது நீங்கள். இரண்டையும் பார்த்துவிட்டீர்கள். பசையைத் தடவிவிட்டேன், காய்ந்துகொண்டிருக்கிறது.

மூடலாமா?