இறங்காமல் போன குற்றம்

வியாழக்கிழமைகளில் வெஸ்லர் கவுண்டி கோர்ட்டில் ஜூரியின் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். சிறையிலிருந்து கூட்டிவருகிறவர்களை அவற்றிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். ஊரார் உட்கார்ந்து நியாயம் சொல்ல வேண்டிய இடத்தில், ஆரஞ்சுச் சட்டையும் இடுப்புச் சங்கிலியுமாக நியாயத்துக்குக் காத்திருக்கிற கூட்டம். இதில் என்ன வேடிக்கை என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. ராய்ஸ் ஹைல்மனுக்கு இரண்டாம் வரிசை ஓரத்து நாற்காலி கிடைத்தது. ஐந்து வாரமாக இரும்புக் கட்டிலில் படுத்த உடம்புக்கு அதன் மெத்தையே பெரிய மரியாதையாக இருந்தது.

அண்ணாந்து பார்த்தான். இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு நில வரி கட்ட எத்தனையோ முறை வந்திருக்கிறான். மேலே இப்படி ஒரு கூடம் இருப்பது தெரியாது. சேற்றுப் பாதையில் குதிரை வண்டி ஓட்டிய காலத்தில், சொந்த வீட்டுக்கு ஒழுங்கான கூரைகூட இல்லாத விவசாயிகள் எழுப்பிய கோபுரக் கூரை அது. சோளக் கதிரும் கலப்பையும் தீட்டிய அந்த உயரத்தைப் பார்த்துவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். இவ்வளவு பெரிய இடத்துக்குள் ஒரு பொய்யைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறான்.

பக்கத்துப் பண்ணை ஆர்வல் புரூயிட்டின் புல் கொட்டகை ஜூலையில் எரிந்து சாம்பலானது. உள்ளே கட்டியிருந்த கிழட்டுக் குதிரையும் போயிற்று. தீ எப்படிப் பிடித்தது என்று தீயணைப்பு அதிகாரியால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ராய்ஸின் மாடுகள் ஆர்வலின் சோளத்தை மேய்ந்ததும், ஆர்வல் போலீஸ் ஷெரீஃபுக்குப் போன் போட்டதும், இருவரும் காப்பிக் கடை வாசலில் கத்திக்கொண்டதும் ஊருக்கே தெரியும். எரிந்த அன்று சாயங்காலம் ராய்ஸின் பிக்கப் வண்டி கொட்டகை ஓரம் நின்றதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஏன் நின்றாய் என்று கேட்டதற்கு அவன் வாயே திறக்கவில்லை.

அரசாங்கம் அவனுக்கு அமர்த்திக் கொடுத்த வக்கீல் ட்ரெண்ட், தாடி சரியாக முளைக்காத பையன்தான், நல்லவன். காலையில்தான் அவனிடம் சொல்லியிருந்தான்.

"ராய்ஸ், ஜூரி வரைக்கும் போனா வருஷக்கணக்குல உள்ள போகலாம். ஒத்துக்கிட்டா குற்றத்தைக் குறைச்சுப் போடுறாங்க, இத்தனை நாள் இருந்ததே தண்டனைன்னு கழிச்சிடுவாங்க. எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க. சாயங்காலம் பால் கறக்க வீட்ல இருப்பீங்க."

பால் என்றதும் ராய்ஸ் இணங்கிவிட்டான். கடைசி பெஞ்சில் மனைவி ட்வைலா உட்கார்ந்திருந்தாள். ஐந்து வாரமாகத் தொழுவம் முழுவதும் அவள் ஒருத்தி தலையில். வீங்கிய மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். அவன் திரும்பிப் பார்த்தபோது வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையை ஆட்டினாள்.

பேர் கூப்பிடுவார்கள், ஆள் எழுந்து நிற்பான், குற்றத்தை வாசிப்பார்கள், ஜாமீனைப் பேசுவார்கள், தேதி குறிப்பார்கள், அடுத்த பேர். மாட்டு ஏலத்தில்கூட இதைவிட நிதானமாகப் பேரம் நடக்கும். இந்த வேகத்தில் தன் பொய்யும் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று ராய்ஸ் தைரியம் சொல்லிக்கொண்டான்.

அவன் பேர் வந்தது. சங்கிலி குலுங்க எழுந்து, முடிந்த அளவு வலது கையைத் தூக்கி, உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்தான்.

ஜட்ஜம்மா பாக்ஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். படிக்கத் தெரியுமா, மருந்து ஏதாவது சாப்பிட்டிருக்கிறீர்களா, ஒத்துக்கொண்டால் ஜூரி விசாரணை கிடையாது தெரியுமா, யாராவது மிரட்டினார்களா. அவன் ஆமாம், இல்லை என்று சரியான இடத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். ட்ரெண்ட் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான். அரசு வக்கீல் ஷெல்டன் அதற்குள் அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்துவிட்டார்.

"சரி. வக்கீலுங்க எழுதிக் குடுத்ததப் படிச்சிட்டேன். அத ஓரமா வச்சிடுவோம். அன்னைக்கு என்ன செஞ்சீங்க, மிஸ்டர் ஹைல்மன்? உங்க வாயால சொல்லுங்க."

"கொட்டகைக்குத் தீ வச்சேன், அம்மா."

"எதால?"

"லைட்டரால."

"எந்த எடத்துல?"

"கதவுகிட்ட. கீழ கெடந்த புல்லுல."

"உள்ள குதிரை இருந்துச்சே, அது என்ன பண்ணுச்சு?"

ராய்ஸ் வாயைத் திறந்தான். அந்தக் குதிரையை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் கையிலிருந்து ஆப்பிள் தின்ற குதிரை. பேச்சைத் தட்டச்சு செய்கிற பெண்ணின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. காலையிலிருந்து ஓடிய ஏலம் அப்படியே நின்றுபோயிற்று. அவன் ஒருவன் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்காகக் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. தன் வார்த்தைக்கு இவ்வளவு கனம் உண்டென்று இத்தனை வயதில் யாரும் அவனுக்குக் காட்டியதில்லை. அவனுக்குப் பிரமிப்பாக இருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம் நான் இவர்கிட்ட..." என்று ட்ரெண்ட் குறுக்கே வந்தான்.

"உங்களக் கேக்கல தம்பி. மிஸ்டர் ஹைல்மன், தீ வச்சது நீங்கதானா?"

"நான் ஒத்துக்கிறேன்னு சொன்னாப் போதாதாம்மா?"

"போதாது. செய்யாத ஒருத்தர் செஞ்சேன்னு சொன்னா அத நான் வாங்க முடியாது. ரெண்டு வக்கீலும் கையெழுத்துப் போட்டாலும் முடியாது. நீங்களே கெஞ்சினாலும் முடியாது."

ராய்ஸ் ஆடிப்போனான். வக்கீல்கள் இருவருக்கும் இந்தப் பொய் வேண்டும், ட்வைலாவின் மணிக்கட்டுக்கு வேண்டும், அவனுக்கே வேண்டும். மேலே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் மட்டும் வேண்டாம் என்கிறார்.

"தீ வைக்கல. ஆனா நான் குத்தவாளிதாம்மா."

"சொல்லுங்க."

"அந்த வாரம் பூராவும் அந்த ரோட்டுல போகும்போது வாசம் அடிச்சுது. சர்க்கரை கருகுற வாசம். ஈரப் புல்லக் கட்டிப் போர் போட்டா உள்ளுக்குள்ள புழுங்கிச் சூடேறும், கடைசியில தானாவே தீப்புடிக்கும். சூடேறும்போது வர்ற வாசம் அது. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். யாரு வீட்டுல வந்தாலும் வண்டிய நிறுத்தி, கதவத் தட்டிச் சொல்லணும். சொந்தக்காரனோ சண்டைக்காரனோ, சொல்லணும். அன்னைக்கு வாசம் ரொம்ப அதிகமா இருந்துச்சு. வண்டிய நிறுத்தினேன். இன்ஜினக்கூட அணைச்சேன். அப்புறம், அவனே மோந்து பாத்துக்கட்டும்னு கெளம்பிட்டேன். குதிரை உள்ள இருக்குன்னு தெரிஞ்சே கெளம்பிட்டேம்மா."

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் புல் கட்டுகிறவர்கள். அவர்கள் அவனைப் பார்த்த பார்வை, தீ வைத்தவனைப் பார்த்ததைவிட மோசமாக இருந்தது.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீங்க சொன்னது உண்மைன்னுதான் எனக்குப் படுது. ஆனா அதுக்கு என்கிட்ட சட்டம் இல்ல. வாசம் தெரிஞ்சும் இறங்காமப் போனவருக்கு இந்த மாநிலத்துல தண்டனை எழுதி வைக்கல. அது இந்தக் கோர்ட்டுக்கு வெளியில இருக்கிற விஷயம்." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஒப்புதல நான் ஏத்துக்கல. வழக்கு ஜூரி விசாரணைக்குப் போகுது. ஜாமீன் பழையபடியே."

அந்த ஜாமீன் கட்ட முடியாததால்தானே இத்தனை நாள் உள்ளே கிடந்தான். ட்வைலா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். ராய்ஸின் கண்ணும் கலங்கியது. ஆனாலும் அழுகைக்கு அடியில் அந்தப் பிரமிப்பு இருந்தது. தண்டனை வாங்கிக்கொள்ளத்தான் வந்தான். இவ்வளவு பெரிய கட்டடம் அவனுடைய நிஜமான குற்றத்தை ஒரு நிமிஷம் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்துவிட்டு, இது உன்னுடையது என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

"ஜட்ஜம்மா."

முன் பெஞ்சிலிருந்து ஆர்வல் எழுந்தார். அறுபதைத் தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நஷ்டப்பட்டவன் பேசலாம்னு சொன்னாங்க."

"பேசலாம். சத்தியம் பண்ணிட்டுப் பேசுங்க."

ஆர்வல் சத்தியம் செய்தார். தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"எரியறதுக்கு மொத நாளு போருக்குள்ள கைய விட்டேன். முழங்கை போறதுக்குள்ள சுட்டுச்சு. மழை வருதேன்னு காயாமலே கட்டிட்டேன்ம்மா. அந்த மாதிரிப் போரத் தனியாப் பிரிக்கக் கூடாது, காத்து பட்டா குப்புனு புடிக்கும். தீயணைப்பு வண்டியக் கூப்பிடணும். கூப்பிட்டா, அம்பது வருஷமாப் புல்லு கட்டுறவன் ஈரத்துல கட்டிட்டான்னு காப்பிக் கடையில கிறிஸ்துமஸ் வரைக்கும் சிரிப்பானுங்க. குதிரைய வெளிய கட்டினாலும் ஏன்னு கேப்பானுங்க. அதனால கைய எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்." ராய்ஸ் பக்கம் திரும்பினார். "ஷெரீஃபோட டெபுடி வந்து யாரு மேல சந்தேகம்னு கேட்டப்போ, இவன் பேரு வாயில ரெடியா இருந்துச்சு."

ஷெல்டன் அடுத்த வழக்கின் காகிதக் கட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"அம்மா, இவர ஜாமீன் இல்லாம விடுறதுல எங்களுக்கு ஆட்சேபம் இல்ல. தீயணைப்பு அதிகாரிகிட்ட மறுபடி பேசிட்டு, வழக்கு நிக்குமா நிக்காதான்னு சொல்றோம்."

"சங்கிலிய எடுங்க," என்றார் ஜட்ஜம்மா. ஆர்வலைச் சற்று நேரம் பார்த்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அடுத்த பேரக் கூப்பிடுங்க."

கைதுசெய்த அன்று போட்டிருந்த சட்டையைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு ராய்ஸ் வெளியே வந்தான். ட்வைலா அவனைக் கட்டிக்கொண்டாள், பிறகு வண்டியை எடுத்து வரப் போனாள். கோர்ட்டு வாசல் படியில் ஆர்வல் நின்றிருந்தார்.

"எதுக்குடா வண்டிய நிறுத்தின?"

"இறங்கிச் சொல்லணும்னுதான் நிறுத்தினேன்."

"அப்புறம் ஏன் இறங்கல?"

"நீங்க ஷெரீஃபுக்குப் போன் பண்ணது ஞாபகம் வந்துச்சு."

ஆர்வல் தலையாட்டினார். தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"அன்னைக்குப் போருக்குள்ள கை சுட்டதும் எனக்கு வந்த மொத நெனப்பு என்ன தெரியுமா? ராய்ஸக் கூப்பிடணும், அவன்கிட்ட லோடர் வண்டி இருக்கு, அவன் வந்தா போரையும் குதிரையையும் வெளிய இழுத்துடலாம்னுதான். போனக் கையில எடுத்துட்டேன். அப்புறம் எனக்கும் அதே ஷெரீஃப் போன்தான் ஞாபகம் வந்துச்சு."

ராய்ஸ் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆர்வலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ட்வைலா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பால் கறக்கிற நேரம் நெருங்கிவிட்டது, இருந்தும் ஹாரன் அடிக்கவில்லை.