சத்தம் வெளியே போகாத அறை

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இனிகோ வாயைத் திறந்ததில் கெட்டது இனிகோ இல்லை, பழனிக்குமார். நியாயமென்று ஒன்று இருந்திருந்தால் அது மாறி நடந்திருக்க வேண்டும்.

இனிகோ, திண்டுக்கல் பழனி சாலையில் ஒரு மாடியில் இருபத்திரண்டு வருடமாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறவன். பாடுகிற அறையின் சுவரெல்லாம் பஞ்சு, அதன்மேல் கம்பளம், ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவுகள். உள்ளே யானை பிளிறினாலும் படிக்கட்டில் கேட்காது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் அவன் மனைவி ரோஸ்மேரிகூட அந்தக் கதவைத் தொடமாட்டாள். ஒருமுறை கரண்ட் போய் மொத்தத் தவக்காலப் பாட்டும் அழிந்ததிலிருந்து, பதிவு எப்போதும் இரண்டு இடத்தில் ஓடும்: ஒன்று கம்ப்யூட்டரில், இன்னொன்று மேசைக்கடியில் இருக்கிற பெட்டியில்.

மாதா பாட்டு, முளைப்பாரிப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் என்று ஒரு காலத்தில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு லேப்டாப் வந்தது. ஒரு செல்போன் விலைக்கு நல்ல மைக் கிடைத்தது. பாடுகிறவனெல்லாம் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே போர்வையைத் தொங்கவிட்டு அங்கேயே பதிந்துகொண்டான். இனிகோவுக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. யாராவது வீட்டில் பதிந்த பாட்டைப் போட்டுக் காட்டினால் பாட்டைக் கேட்கமாட்டான். பின்னால் கேட்கிற குக்கர் விசிலையும் நாய் குரைப்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுவான்.

அந்தக் காதைத் தேடித்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து பெருமாள்சாமி வந்தார். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிற லாரிகள் அவருக்கு ஏழெட்டு ஓடின. அதில் ஒன்றின் நம்பர்தான் அந்த மாதம் ஊரெல்லாம் பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிற பெருமாயி விடியற்காலையில் சாலையோரம் நசுங்கிக் கிடந்தாள். அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதி கேஸை முடித்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து யாரோ ஒருவன் வாட்ஸப்பில் ஒரு பாட்டை விட்டான். ஒவ்வொரு சரணத்தின் கடைசியிலும் அந்த லாரி நம்பர் வந்தது.

"ஏனுங்கண்ணா, இது யாரு பாடுனதுன்னு ஒருத்தருக்கும் தெரியலீங்க. குரலை மெஷின்ல மாத்திப்புட்டானாம். உங்க காதுக்கு அகப்படாமயா போயிரும்?" என்று கைகூப்பாத குறையாகக் கேட்டார்.

கேட்கிறவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பது இனிகோவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் அவன் காதைத் தேடி யாரும் வந்ததில்லை. ஹெட்போனை மாட்டினான். அரை நிமிஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"குரலை மாத்துனவன் வீட்டை மாத்தலையேண்ணே. பின்னால டொக்கு டொக்குன்னு கேக்குதா, அது தறி. மேல தகரம் போட்டிருக்கான், அதேன் குரல் கணகணங்குது. சின்னாளப்பட்டில உக்காந்து பாடிருக்கான்."

"அங்க தறி நெறையா இருக்குதுங்களே."

இனிகோ அங்கே நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "சானா வாரப்பல்லாம் ஒரு விசில் அடிக்குது பாருங்க. முன்பல்லுல சந்து. அந்த விசிலை எட்டு வருஷம் இதே ரூம்ல நான் வெட்டி வெட்டி எடுத்திருக்கேன். பழனிக்குமாரு."

எட்டு வருடம் தன்னிடம் பாடிவிட்டு, சொந்தமாக மைக் வாங்கியதும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன். அந்தப் பெயரைச் சொன்னபோது இனிகோவுக்கு நாக்கு இனித்தது. பெருமாள்சாமி டீயைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் அவர் இரண்டு ஆட்களோடு திரும்பி வந்தார். நடுவில் பழனிக்குமார். தறியிலிருந்து அப்படியே இழுத்து வந்திருந்தார்கள். கைலியில் சாயக்கறை, ஒரு கண் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

"பாட்டு பொய்யின்னு இவரு வாயாலயே பேசிப் பதிஞ்சு குடுத்தா போதுங்க. அண்ணனோட ரூம்புல சத்தம் வெளிய போகாதுன்னாங்க. அதுவும் சௌகரியம்."

பழனிக்குமார் இனிகோவைப் பார்த்தான். "அண்ணே, நீங்களா சொன்னது?"

இனிகோ ஹெட்போன் வயரின் சிக்கை எடுத்தான். பெருமாள்சாமி சொன்னார். "அண்ணனோட காதே காதுங்க."

உள்ளே கொண்டுபோய் மைக் முன்னால் நிறுத்தினார்கள். இனிகோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சிவப்பு விளக்கைப் போட்டு, பதிவைத் தொடங்கினான். பழக்கம் அது. ஹெட்போனை மாட்டியதும் அந்த அறை முழுவதும் அவன் காதுக்குள் வந்துவிட்டது.

"நான் பாடுனது நெசம்," என்றான் பழனிக்குமார்.

வயிற்றில் முதல் குத்து விழுந்தது. கண்ணாடி வழியாக மட்டும் பார்த்திருந்தால் ஊமைப்படம் என்று கண்ணை மூடியிருக்கலாம். மூச்சு வெளியேறிய சத்தம் இனிகோவின் காதுக்குள்ளேயே விழுந்தது. இரண்டாவது குத்தில் விலா எலும்பு ஒடிந்தது, காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி. இதைவிட மெல்லிய சத்தங்களைப் பிடிக்கத்தான் அந்த மைக்கை அவன் வாங்கியிருந்தான்.

"பழனிக் கச்சேரி முடிஞ்சு பைக்ல வந்தேன்யா. நீதேன் ஓட்டுன. நான் பாத்தேன்," என்று பழனிக்குமார் மண்டியிட்டபடி சொன்னான்.

பெருமாள்சாமி குனிந்து அவன் காதோரம் பேசினார். அந்தக் காதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் மைக் இருந்தது. "ஆமாங்க, நாந்தான் ஓட்டுனேன். ரிவர்ஸ் எடுத்து இன்னொருக்கா ஏத்துனதும் நாந்தான். காலு மட்டும் போய் உசுரு இருந்திருந்தா அவ காலமெல்லாம் கோர்ட்டுக்கு வந்துட்டு இருப்பா. இப்ப என்னங்க பண்ணுவீங்க?" பிறகு நிமிர்ந்து ஆட்களிடம் சொன்னார். "அந்த முன்பல்லுதான் விசில் அடிக்குதாமுங்க. எடுத்துருங்க."

ஒருவன் தலைமயிரைப் பிடித்தான். இன்னொருவன் மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிக்கட்டையைக் கழற்றி வாயில் இடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

இனிகோ ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான். சிவப்பு விளக்கு எரியும்போது அந்தக் கதவை அவன் திறந்தது அதுதான் முதல் தடவை. அடிக்கட்டையைப் பிடித்த கையைக் கடித்தான். அடுத்த நொடி அதே இரும்பு அவன் காதில் விழுந்தது. பக்கவாட்டுச் சுவரில் மோதிக் கம்பளத்தோடு சரிந்தான். இடது காதில் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை.

"பேசறதுக்கு வாயே இல்லாம பண்ணிட்டீங்களே தம்பி," என்று பெருமாள்சாமி தன் ஆட்களைத்தான் கடிந்துகொண்டார். "ஆறட்டுங்க, அப்புறமா வந்து பேசட்டும். அண்ணா, இதை மட்டும் அழிச்சிருங்க."

ரத்தம் சொட்டச் சொட்ட வந்து, அவர் பார்த்திருக்க, கம்ப்யூட்டரில் அழித்தான் இனிகோ. குப்பைத் தொட்டியையும் காலி செய்து காட்டினான். அவர் திருப்தியாகப் படியிறங்கினார். வீட்டில் பதிகிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கலாம். மேசைக்கடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறவனைப் பற்றித் தெரியாது.

பழனிக்குமாரை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியில், "நான் ஏன்டா சொன்னேன், எனக்கே தெரியலடா," என்றான். பழனிக்குமார் உடைந்த பல் ஒன்றைக் கைலியில் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஸ்டுடியோவுக்குத் திரும்பி, பெட்டியில் இருந்ததை ஒற்றைக் காதால் கேட்டான். எல்லாம் இருந்தது. பெருமாள்சாமியின் குரலில் ஒவ்வொரு 'ங்க'வும் துல்லியமாக இருந்தது. ஆனால் பின்னால் எதுவும் இல்லை. தறி இல்லை, நாய் இல்லை, ஒரு பஸ் ஹாரன் இல்லை. இத்தனை சுத்தமான அமைதி திண்டுக்கல்லில் ஒரே ஒரு அறையில்தான் உண்டு. கேட்கிறவன் எவனும் இது யார் அறை என்று விசாரிக்கவே வேண்டியிருக்காது.

அவனிடம் சந்தைச் சத்தம் இருந்தது, மழைச் சத்தம் இருந்தது. பத்து நிமிஷத்தில் அடியில் கலந்து, அறையை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடலாம். பயம் அவன் விரலை அதுவரைக்கும் கொண்டுபோனது. கலந்தால் அந்தக் குரல் மங்கும். ஜோடித்தது என்பார்கள். மறுபடியும் அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதுவார்கள். விரலை எடுத்துக்கொண்டான். பாட்டு போன அதே குரூப்புகளுக்கெல்லாம் இருந்தது இருந்தபடியே அனுப்பினான்.

ரோஸ்மேரிக்குப் போன் செய்து, பிள்ளைகளோடு எரியோட்டில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னான். "நீங்க?" என்றாள். "செத்த நேரத்துல வாரேன்," என்றான். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு பாடுகிற அறைக்குப் போய் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தான். தானாக மூடிவிடாமல் ஒன்றுக்கு ஸ்பீக்கரையும் இன்னொன்றுக்கு நாற்காலியையும் முட்டுக் கொடுத்தான். படிக்கட்டு ஜன்னலையும் திறந்தான். பழனி சாலையின் ஹாரனும் பூக்காரியின் குரலும் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்தன. உள்ளே வந்தால் வெளியேயும் போகும். ரத்தம் காய்ந்த அடிக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரத்தில் கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்கண்ணா, மேல இருக்கீங்களா?"

"இருக்கேன், வா," என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான் இனிகோ.