துணியில் செய்த பானட்

மாரீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். விடிந்ததும் ரத வீதிகளில் எல் போர்டு கார் கிளம்பிவிடும். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, படிக்க வந்தவர்களை மெதுவாக ஓட்டச் சொல்வதுதான் அவள் தொழில். வேகம் காட்டும் முள் முப்பதைத் தாண்டினால் அதட்டுவாள். அதே ஆள் வருஷத்தில் சில தடவை கோயம்புத்தூர் பந்தயத் தளத்துக்குப் போய் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறாள் என்று சொன்னால், அவளிடம் படித்தவர்களில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

அந்தக் காருக்கு உயிர் கொடுத்தவன் அவள் கணவன் பாண்டிச்செல்வம். ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு வந்து, மடவார் வளாகத்தில் ஒர்க் ஷாப் போட்டிருக்கிறான். ஜப்பானில் செய்த பழைய கார், இரண்டே சீட்டு. விபத்தில் முன்பக்கம் நொறுங்கி, இனி உதவாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கைவிட்டதை எடுத்து வந்து, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து நிமிர்த்தினான். ஓட்டுகிறவரைச் சுற்றி இரும்புக் குழாயில் கூண்டு கட்டினான். கார் கவிழ்ந்தாலும் உள்ளே இருக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது.

போன வருஷப் பந்தயத்தில் மாரீஸ்வரி ஏழாவதாக வந்தாள். வளைவுகளில் அவள் யாருக்கும் சளைக்கவில்லை. நேர்ப்பாதை வந்தால்தான் வினை. முன்னால் போகிற கார்கள் நகர்ந்துகொண்டே போகும், அவள் கார் மூச்சு வாங்கும். அந்த வகைப் பந்தயத்தில் எஞ்சினைத் தொடக் கூடாது, கம்பெனி கொடுத்தபடியே இருக்க வேண்டும் என்பது விதி. ஊர் திரும்பும்போது திருமங்கலம் தாண்டும் வரை இரண்டு பேரும் அந்த விதியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் பாண்டிச்செல்வம்தான் சொன்னான், "எஞ்சினைத் தொடக் கூடாதுன்னுதான சொல்லுதான். சுமக்கிற எடையைக் குறைக்கக் கூடாதுன்னு சொல்லலல்ல?"

மறுநாளே காரை ராஜபாளையம் ரோட்டில் பஞ்சு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஏற்றினார்கள். மாரீஸ்வரி உள்ளே உட்கார்ந்திருக்க, ஆயிரத்து நாற்பது கிலோ. மாரீஸ்வரியையும் சேர்த்துத் தொள்ளாயிரத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பந்தயத்தின் இன்னொரு விதி. அவ்வளவு கீழே போகப் போவதில்லை என்றுதான் அன்றைக்கு இருவரும் நினைத்தார்கள்.

முதலில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். ஏசி, பாட்டுப் பெட்டி, தரை விரிப்பு, பக்கத்துச் சீட்டு எல்லாம் போயின. சத்தம் வராமலிருக்கக் கம்பெனி ஒட்டியிருந்த தார் அட்டையை மாரீஸ்வரியே குப்புறப் படுத்து உளியால் சுரண்டி எடுத்தாள். கண்ணாடிகளுக்குப் பதிலாகக் கனமில்லாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடுகளை மாட்டினார்கள். எடை நன்றாகவே இறங்கியது. ஆனாலும் எஞ்சினை மூடும் பானட், டிக்கி மூடி, இரண்டு கதவுகள் எல்லாம் இரும்பு. அவற்றை, கார்பன் இழைத் துணியைப் பசையில் ஊறவைத்து இறுக்கிச் செய்கிற எடை குறைந்த கார்பன் ஃபைபரில் மாற்றலாம். பந்தயத்தில் முதலாவதாக வந்த கௌதம்ராஜின் காரில் அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கறுப்புப் பானட். பாண்டிச்செல்வம் சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டு விலை கேட்டான். கேட்டுவிட்டு நன்றி சொல்லி வைத்துவிட்டான். சாம்பிளுக்கு என்று அவர்கள் அனுப்பிய உள்ளங்கையளவு கார்பன் துணி மட்டும் மேஜை மேல் கிடந்தது.

அதைக் கையில் எடுத்தவள் யோகேஸ்வரி, பாண்டிச்செல்வத்தின் அக்கா. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி செய்கிற ஆலையில் நெசவுப் பிரிவு அவள் பொறுப்பு. டெக்ஸ்டைல் படித்தவள். இந்தக் கார் விஷயத்தில் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிப்பு இல்லை. தம்பி மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வளைவுகளில் பறப்பதை வீடியோவில் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட வந்தவள் அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இது சாதாரண ட்வில் நெசவுதானே, ஒரு இழை விட்டு ஒரு இழை ஏறாமல் இரண்டிரண்டாக ஏறியிருக்கிறது, இதற்கா இந்த விலை என்று கேட்டாள். நெசவுக்கு இல்லை, நூலுக்குத்தான் விலை என்றான் பாண்டிச்செல்வம். அப்படியென்றால் வேறு நூலில் நெய்தால் என்ன என்றாள். பக்கத்து மில்லில் ஆளிச்செடி நாரில் லினன் நூல் ஓடுகிறது, செடி நார்களிலேயே விறைப்பானது அதுதான், மாதிரி நெய்ய ஆலையில் ஒரு தறி சும்மாதான் நிற்கிறது, முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். போனவள் திரும்பி வந்து மாரீஸ்வரியைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன். அந்தக் கூண்டு இரும்பாத்தான் இருக்கணும். அதுல ஒரு கிலோ குறைச்சாலும் நான் துணி தரமாட்டேன்."

"அதைத் தொடமாட்டோம் மதினி," என்றாள் மாரீஸ்வரி.

மூன்று வாரத்தில் லினன் துணி வந்தது. பழைய பானட்டின் மேல் அச்சு எடுத்து, அதில் துணியை அடுக்கடுக்காகப் பரப்பி, காய்ந்தால் கல்லாக இறுகும் ரெசின் பசையை ஊற்றித் தேய்த்தார்கள். அடுக்குகள் அழுந்தி ஒட்டுவதற்காக மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரால் உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சினான் பாண்டிச்செல்வம். மறுநாள் அச்சிலிருந்து பிரித்தபோது பானட் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி அமுங்கியது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வெங்காயத் தோல்போல அடுக்கு உரிந்து வந்தது. உள்ளே ரெசின் இறங்கவே இல்லை.

பாண்டிச்செல்வம் அதைச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். லினன் இதற்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டான். யோகேஸ்வரி அந்த உரிந்த துண்டை ஆலைக்கு எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்து அங்கிருந்தே மாரீஸ்வரியைக் கூப்பிட்டாள். உடனே வா என்றாள்.

ஆலையில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தாள். தாங்கள் பயன்படுத்திய லினன் துணியில் ஒரு சின்னச் சதுரம் வெட்டித் தண்ணீரில் போட்டாள். அது இலைபோல மிதந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் மிதந்துகொண்டே இருந்தது. பிறகு ஆலையில் கட்டுக்குத் தயாராகியிருந்த பஞ்சுத் துணியில் ஒரு சதுரம் போட்டாள். போட்ட வேகத்தில் அது முழுகி அடியில் போய் உட்கார்ந்தது.

தறியில் அறாமலிருக்க நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நாரிலேயே இயற்கையாக மெழுகும் இருக்கும். காயத்தில் வைக்கிற துணி ரத்தத்தை உறிஞ்ச வேண்டும் என்பதால் இங்கே அதையெல்லாம் கொதிக்கவைத்து அலசி எடுத்துவிடுவார்கள். தண்ணீரில் உடனே முழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் துணி வெளியே போகும். யோகேஸ்வரி இதைத் தினமும் செய்கிறவள்.

"பொழுதன்னைக்கும் செய்யுத வேலை, நானே மறந்துட்டேன் பாரு," என்றாள். "தண்ணியையே குடிக்காத துணி ரெசினை எப்படிக் குடிக்கும்?"

லினனைக் கொதிக்கவைத்து அலசினார்கள். காயவைத்து, ஈரம் துளிகூட இல்லாமல் உலர்த்தும் அறையில் போட்டு, சூடு ஆறுவதற்குள் பையில் கட்டி மடவார் வளாகத்துக்குக் கொண்டு வந்தார்கள். இந்த முறை ரெசினை ஊற்றியதும் துணி கண்ணெதிரே நிறம் மாறியது. வெளிறிக் கிடந்தது தேன் நிறமாக ஊறிப் போயிற்று. அச்சிலிருந்து எடுத்த பானட்டைத் தரையில் கவிழ்த்து வைத்துப் பாண்டிச்செல்வம் அதன் மேல் ஏறி நின்றான். அது அமுங்கவில்லை. இறங்கி, தராசில் வைத்துப் பார்த்தான். இரும்புப் பானட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். மூன்று பேரும் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனார்கள்.

அதன் பிறகு வேலை ஓடியது. டிக்கி மூடி, கதவுகள், பின்பக்க பம்பர் எல்லாம் துணியில் ஆயின. கதவுக்குள்ளே இடி தாங்கும் இரும்புச் சட்டத்தை மட்டும் அப்படியே விட்டார்கள். யோகேஸ்வரியின் ஆலைக்குப் பின்னால் லாரிகள் திரும்புகிற பெரிய சிமெண்ட் தளம் உண்டு. ஆலை விடுமுறையில் அனுமதி வாங்கி அங்கே காரை ஓட்டிப் பார்த்தார்கள்.

புறப்பட்ட வேகம் மாரீஸ்வரிக்கே புதிதாக இருந்தது. ஆனால் மூன்றாவது சுற்றில் வளைவில் திருப்பியபோது காரின் பின்பக்கம் பிடி விட்டுச் சறுக்கி, பம்பரம் மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றது. எதிலும் மோதவில்லை. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த யோகேஸ்வரி ஓடி வந்து கதவைத் திறந்தாள். நான் நெய்த துணியால் உனக்கு ஒன்று ஆனால் நான் யாருக்குப் பதில் சொல்ல, இத்தோடு போதும் என்றாள்.

மாரீஸ்வரி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே செத்த நேரம் யோசித்தாள். பின்னாலிருந்துதான் கார் விலகியது, முன்பக்கம் சரியாகவே பிடித்திருந்தது. கண்ணாடி, டிக்கி மூடி, பம்பர் என்று பின்னாலிருந்துதான் அதிகம் எடுத்திருக்கிறார்கள். எஞ்சினும் பேட்டரியும் முன்னாலேயே இருக்கின்றன. பின் சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

"துணி மேல தப்பில்லை மதினி. எடையைக் குறைச்சோம், எங்க குறைக்கணும்னு பாக்கல. பேட்டரியைப் பின்னால கொண்டு போகணும்," என்றாள்.

யோகேஸ்வரி வீட்டுக்குப் போய்விட்டாள். பாண்டிச்செல்வம் பேட்டரியையும், தீயணைப்புச் சிலிண்டரையும் பின் சக்கரங்களுக்கு அருகே மாற்றிக் கட்டினான். முன்பக்கத்தில் இன்னும் தேடித் தேடிக் குறைத்தான்; மறுபடி எடைமேடையில் ஏற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஓட்டத்துக்கு அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் வந்து அதே இடத்தில் நின்றாள். மாரீஸ்வரி அதே வளைவில் பதினைந்து இருபது தடவை போனாள், ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் கூட்டினாள். கார் தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று. கடைசியில் நிறுத்தியபோது யோகேஸ்வரி கிட்டே வந்து, "கதவு ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கு, ஒட்டச் சொல்லு," என்றாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

இந்த வருஷப் பந்தயத்தன்று காலை கோயம்புத்தூர்த் தளத்தில் காரைப் பரிசோதித்த அதிகாரி பானட்டை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். என்ன பொருள் என்று கேட்டார். துணி என்றதும் நிமிர்ந்து பார்த்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டி, பானட் எந்தப் பொருளிலும் இருக்கலாம், கூண்டு இரும்பாக இருக்க வேண்டும் என்று படித்துவிட்டுக் கூண்டையும் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்தது எடை. மாரீஸ்வரி ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்தாள். எடை பார்த்தவர் மீட்டரைப் பார்த்தார், காரை இறக்கி மறுபடியும் ஏற்றச் சொன்னார். பிறகு, இந்தக் காரை ஓட்ட விடமுடியாது, தொள்ளாயிரத்துக்குப் பதினோரு கிலோ குறைகிறது என்றார்.

பாண்டிச்செல்வத்துக்குச் செய்தி புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எடையைக் கூட்டிக்கொள்ள அனுமதி உண்டு. அதை எங்கே வைப்பது என்பது அவரவர் விருப்பம். மற்ற எல்லோரும் இன்னும் ஒரு கிலோ குறையாதா என்று தவிக்க, இவர்கள் கையில் வேண்டிய இடத்தில் வைக்கப் பதினோரு கிலோ இருந்தது. கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? அரை மணியில் துளை போட்ட இரும்புப் பட்டைகளோடு வந்து நின்றான். மாரீஸ்வரி வலப்பக்கம் உட்காருவதால் இடப்பக்கம் தரையோடு தரையாக, பின் சக்கரத்தை ஒட்டி முடுக்கச் சொன்னாள்.

பச்சை விளக்கு விழுந்தபோது அவள் நான்காவது இடத்தில் நின்றிருந்தாள். முதல் வளைவுக்குள்ளேயே ஒருவரைக் கடந்தாள். நேர்ப்பாதையில் கார் இப்போது மூச்சு வாங்கவில்லை. ஆனால் உண்மையான லாபம் அங்கே இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. நேர்ப்பாதை முடிவில் மற்றவர்கள் பிரேக்கை மிதித்த பிறகும் அவளால் இன்னும் கொஞ்ச தூரம் போக முடிந்தது. கனமில்லாத கார் மிதித்த இடத்தில் நின்றது. அப்படியே இரண்டாவது ஆளையும் தாண்டினாள். முன்னால் கௌதம்ராஜின் கறுப்புப் பானட் கார் மட்டும் இருந்தது.

ஆறு சுற்று அவன் விடவில்லை. நல்ல ஓட்டக்காரன், உள்பக்கத்தை அடைத்துக்கொண்டே போனான். அவன் டயர்கள் சூடேறி வளைவுகளில் லேசாக விலகத் தொடங்கியதை மாரீஸ்வரி கவனித்தாள். அவளுடைய டயர்கள் அப்படியே இருந்தன, சுமை குறைந்தால் அவையும் களைப்பதில்லை. கடைசிச் சுற்றில் நேர்ப்பாதை முடிவில் அவன் பிரேக் போட்டான். அவள் போடவில்லை. வெளிப்பக்கமாக அவன் கதவோடு கதவாக வந்து, அதற்கும் பிறகு மிதித்துத் திருப்பினாள். பின்பக்கம் இம்மியும் அசையவில்லை. வளைவு முடிந்தபோது அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. வெறும் தார்ச் சாலை. கொடி அசைவது தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் தான் கத்திக்கொண்டிருப்பது அவளுக்கே அப்புறம்தான் கேட்டது.

வண்டியை நிறுத்தி இறங்கியபோது பாண்டிச்செல்வம் அவளைத் தூக்கிவிட்டான். யோகேஸ்வரி தள்ளி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழுப் பந்தயத்தையும் கண்ணை மூடாமல் பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள்.

கோப்பை கொடுத்தபோது மாரீஸ்வரி மதினியையும் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். மைக் வைத்திருந்தவர் இந்த பானட் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டார். மாரீஸ்வரி மைக்கை யோகேஸ்வரியிடம் நீட்டினாள்.

"ராஜபாளையம்," என்றாள் யோகேஸ்வரி. "எங்க தறியில நெய்த துணி. காயத்துக்குக் கட்டுத துணி மாதிரியேதான் இதையும் அலசினோம்."

கூட்டம் கை தட்டியது. கீழே இறங்கியதும் கௌதம்ராஜ் வந்து வாழ்த்துச் சொன்னான். தயங்கி நின்று, தனக்கும் இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டான். அவனோடு இன்னும் மூன்று அணிக்காரர்கள் நின்றார்கள். எவ்வளவு எடை என்று பார்க்க ஆசைப்பட்டார்கள்.

பாண்டிச்செல்வம் பானட்டைக் காரோடு பூட்டியிருந்த ஊசிகளைக் கழற்றினான். ஒரு முனையைப் பிடிக்க ஒருவன் ஓடி வந்தான். யோகேஸ்வரி அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புடவை முந்தானையை இடுப்பில் செருகி, பானட்டை ஒற்றைக் கையால் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதோடு அந்த நீளமான கார் வரிசையைக் கடந்து எடை பார்க்கும் இடத்துக்கு வெயிலில் நடந்து போனாள்.