பொங்காத பானை

கொரட்டூர்த் தண்டவாளம் முதல் மேனாம்பேட்டுத் தாழ்ப்பாள் வரை எல்லாம் வெயிலில் நீண்ட 1934ஆம் வருஷத்துக் கத்திரியில், கங்காதரன் மனைவி வரலட்சுமியின் வயிறு மட்டும் மாசம் நிறைந்தும் ஒரு நூல்கூடப் பெரிதாகவில்லை. உள்ளே குழந்தை இருந்தது. மருத்துவச்சி எல்லம்மா காதை வைத்துக் கேட்டு, "தோ கீது, உதைக்குது" என்றாள். சொல்லிவிட்டு அந்தத் தட்டை வயிற்றைப் பார்த்தவள், போட்ட வெற்றிலையை மெல்லுவதற்கு மறந்தாள்.

காரணம் உலோகம். கங்காதரன் பட்டணத்தில் பொறியியல் படித்துவிட்டு வந்து, மாட்டுக்கொட்டகையில் பாதியை உலைக்கூடமாக்கியவன், மாடுகள் ஆட்சேபிக்கவில்லை. சூட்டில் நீளாத நில அளவுச் சங்கிலி செய்வது அவன் லட்சியம். இரும்பில் நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உருக்கி, கம்பியாக்கி, கொதிக்கும் எண்ணெயில் முக்கி அளந்தான். எல்லாக் கம்பியும் நீண்டது. நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு நிக்கல் சேர்ந்தது மட்டும் பச்சைத்தண்ணீரில் கிடப்பதுபோல் அப்படியே கிடந்தது. ஐரோப்பாவில் ஒருவர் இதை முன்பே கண்டுபிடித்துப் பரிசும் வாங்கிவிட்டார். மேனாம்பேட்டுக்கு அது தெரியாது, ஆகவே இந்தக் கண்டுபிடிப்பும் செல்லும். ஆனால் நிலக்காரர்கள் முகம் சுண்டியது. கத்திரியில் சர்க்கார் சங்கிலி நீளும், அதனால் நிலம் சுருங்கும், தீர்வை குறையும் என்றுதான் அவர்கள் ஒவ்வொரு அளவையையும் சித்திரைக்குத் தள்ளிவந்தார்கள். "நல்லாத்தானே கீது? நீ இன்னாத்துக்கு நைனா வெயில திருத்துறே?" என்றார் அவர்களில் ஒருவரான மணவாளன் மாமா. சங்கிலி வேண்டாம் என்றாகிவிட்டதால், கையிலிருந்த உலோகம் முழுவதையும் முந்தின வருஷத்து ஆவணியில் பானையாக வார்த்து அடுப்பில் ஏற்றினான்.

இரும்பு கற்றுக்கொண்டதை அரிசியும் கற்றுக்கொண்டது. சோறு வெந்தது, உப்பவில்லை. ஆழாக்கு அரிசி போட்டால் ஆழாக்குச் சோறு. மிச்சத்தை மருமகள் தின்றுவிடுகிறாள் என்று மாமியார் அன்னம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். தைப் பொங்கலன்று தெருவே வாசலில் கூடி நிற்க, பால் கொதித்தது, ஆவி விட்டது, விளிம்புக்குக் கீழே நின்றுகொண்டது. கூவுவதற்காகத் திறந்த வாய்கள் மூடவில்லை. பொங்காத வீடு என்று பெயராயிற்று. அதே வீட்டில் அதே பானைச் சோறு தின்று முழுகாமலிருந்தவளை யாரும் நம்பவில்லை. "வயிறே இல்லாத புள்ளத்தாச்சியா? ஆருக்குடி காது குத்துறே?" என்ற அன்னம்மாள், அம்பத்தூரில் வடிவு என்றொரு பெண்ணைப் பார்த்து, மகனுக்கு வைகாசியில் இரண்டாம் முகூர்த்தமும் குறித்தாள்.

"பானைய தூக்கிப் போடுங்க. உள்ள கீறதுக்குக் கால் நீட்ட எடமில்ல" என்று வரலட்சுமி சொல்லிப் பார்த்தாள். துரை இஞ்சினீயர் ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று கங்காதரன் பானையைத் துடைத்துவைத்தான். துரை வரவில்லை. வைகாசி பிறந்ததும் வலிதான் வந்தது. பொழுது உச்சிக்கு வந்தும் பிள்ளை வரவில்லை. எல்லம்மா வெளியே வந்தாள். "வழி தொறக்கல நைனா. ரெண்டு உசுரும் போய்க்கினு கீது." உள்ளேயிருந்து வரலட்சுமி பானை, பானை என்று அலறினாள்.

கங்காதரன் பானையைப் பார்த்தான். உலகத்தில் அவனுடைய உலோகம் அவ்வளவுதான். இன்னொன்று வார்க்க நிக்கல் இல்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, கொதிக்கும் வெயிலில் வெறுங்காலோடு கொரட்டூர் ஏரிக்கு ஓடி, நடுத்தண்ணீரில் வீசினான். அது மூழ்கிய கணத்தில் வீட்டில் வரலட்சுமியின் வயிற்றுக்கு ஒன்பது மாதமும் ஒரே மூச்சில் வந்தது. ரவிக்கைத் தையல் தெறித்தது. பாய் ஓரத்தில் இருந்த பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். எல்லம்மா கையை நீட்டுவதற்குள் பெண் குழந்தை வந்து அழுதது. அதே நேரம் முற்றத்தில், பானையில்லாத, நெருப்பில்லாத அடுப்பின்மேல் தை மாதத்துப் பால் நுரைத்து எழுந்து கிழக்குப் பக்கமாக வழிந்தது. முகூர்த்தம் குறித்த அன்னம்மாள் பழக்கதோஷத்தில், "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினாள். வைகாசி வெயிலில் தெருவும் திருப்பிக் கூவியது. அன்றைக்கே அம்பத்தூருக்கு ஆள் போயிற்று, கல்யாணம் இல்லையென்று சொல்ல.

ஏரி அதன்பின் ஐப்பசி மழையில் ஏறவில்லை, கத்திரியில் இறங்கவில்லை. கரை நிலத்தை எந்த மாதம் அளந்தாலும் ஒரே அளவு வந்தது. அதை மட்டும் மணவாளன் மாமா கடைசிவரை மன்னிக்கவில்லை. மற்றவர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே படியில் நின்று துணி துவைத்தார்கள்.