ஊருக்கே தெரிந்த வீடு

"சாமி, மறுக்கா ஒருவாட்டி சிரிச்சுட்டே சாப்புடு. வெளிச்சம் சரியா உளுகல."

கமலவேணி கைப்பேசியைத் திருப்பி வைத்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் இலக்கியா மூன்றாம் முறையாக அதே தோசையைப் பிட்டுச் சிரித்தாள்.

நான்கு வருடங்களுக்கு முன் திருச்செங்கோட்டில் தறி ஓட்டப் போய்க்கொண்டிருந்தவள் கமலவேணி. விளையாட்டாகப் போட்ட சமையல் வீடியோ ஒன்று பிரபலமானது. பிறகு வீட்டில் நடப்பதெல்லாம் வீடியோ. மாடி வீடு வந்தது, கார் வந்தது. கடைத் திறப்பு விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் அடுப்பில் வைத்த பால் பொங்கும்வரைகூட அவளால் நிற்க முடியவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று விரல் தேடும். எண்ணிக்கை குறைந்திருந்தால் சோறு இறங்காது.

அன்று பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. இலக்கியா மயங்கி விழுந்திருந்தாள்.

மருத்துவமனையில் வகுப்பாசிரியை வெண்ணிலா காத்திருந்தார். "மாதவிலக்கு ரண்டு மாசமா சரியா நிக்கவே இல்லையாமுங்க. ரத்தம் ரொம்பக் கொறைஞ்சு போச்சு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கமலவேணி மகளிடம் ஓடினாள். "ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நான் வயசுக்கு வந்ததையே வீடியோவாப் போட்டீங்க. வேண்டாம்னு அழுதேன். இன்னமும் பசங்க அதைக் காட்டிச் சிரிக்கறாங்க. இதைச் சொன்னா இதையும் போடுவீங்க."

காரில் பதறி வரும்போதே, 'இலக்கியாவுக்கு என்ன ஆச்சு?' என்று அடுத்த வீடியோவுக்கு ஒரு தலைப்பு கமலவேணியின் மனத்தில் ஓடியிருந்தது. இப்போது நினைக்க உடம்பு கூசியது.

கட்டிலருகே உட்கார்ந்து, மகள் இருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்தாள். முதலில் அழித்தது அந்தச் சடங்கு வீடியோவை. இலக்கியா பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஊசி போட வந்த நர்ஸ் கமலவேணியை அடையாளம் கண்டு மலர்ந்தாள். "அக்கா, நீங்களா! ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா? காசும் பேரும் வந்து, தாயும் புள்ளையும் எத்தனை சந்தோசமா இருக்கறீங்க!"

கமலவேணி கண்ணைத் துடைத்தாள்.

"வேண்டாங் கண்ணு. காசு வந்துச்சு, பேரு வந்துச்சு, சந்தோசம் மட்டும் வரல. பெத்த புள்ள தன்னோட வலிய நம்பிச் சொல்ற எடமா அம்மா இருக்கோணும். அது இல்லாத ஊட்டுல வேற என்ன இருந்து என்னங்க?"