சந்தனம் அடைத்த துப்பாக்கி

எங்கள் பூட்டன் வீரணன் குரங்கணிக்கு மேலே புலியைச் சுட்டார். அதனால்தான் எங்கள் ஊரான சிலமலையில் குலசாமி கோயிலில் முதல் பரிவட்டம் எங்கள் வீட்டுக்கு. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும்போதெல்லாம் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுவேன். கொட்டாவி விட்டவர்களையும் நான் விட்டதில்லை.

எதிர்த்தெரு மொக்கச்சாமிப் பெரியப்பா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். புலியைக் குத்தியது தன் பூட்டன், அதுவும் ஈட்டியால் என்பார். "ஒங்க துப்பாக்கி என்னைக்குடா வெடிச்சுச்சு?" என்று போன திருவிழாவில் ஊர் முன்னால் கேட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், இந்த மனிதர் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

பழைய துப்பாக்கிகளின் விசை அமைப்பை ஆராய்ந்து கட்டுரை எழுதும் அனுசியா என்பவரை மதுரையிலிருந்து நானே வரவழைத்தேன். இந்தத் திருவிழாவுக்கு முதல் நாள் வந்தார். பூட்டனின் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்ததும், "அட, குதிரை அடியில இருக்கே!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மற்ற துப்பாக்கிகளில் குதிரை என்கிற அந்தச் சுத்தியல் குழலுக்கு மேலேயோ பக்கத்திலோ இருக்குமாம். எங்களுடையதில் குழலுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்கும். அங்கே ஒரு சின்ன இரும்பு முளை. அதில் பொட்டுவெடி மாதிரி ஒரு கேப்பு வைத்துக் குதிரையைத் தட்டினால், நெருப்பு முளையின் துளை வழியாகக் குழலுக்குள் போய் வெடிமருந்தைப் பற்றவைக்கும். வேலை மெனக்கெட்டு எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமே.

மெல்லிய கம்பியை முளைக்குள் விட்டவர் நிறுத்தினார். "அடைச்சிருக்கு."

"சந்தனமாத்தான் இருக்கும்," என்றேன்.

ஆயுத பூசை தவறாமல் குதிரைக்கும் முளைக்கும் சந்தனம் அப்பி வந்த வீடு எங்களுடையது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, நானே ஊசியால் நோண்டினேன். சந்தனம் கட்டி கட்டியாக வந்தது. அதற்குக் கீழே இரும்பு. டார்ச் அடித்துப் பார்த்தேன். வழவழவென்று மூடிய இரும்பு.

அனுசியா முளையைக் கழற்றிக் குழலையும் பார்த்தார். "இங்கயும் துளை இல்ல. செஞ்சவங்க போடவே இல்ல. இதுல ஒரு தடவைகூடச் சுட்டிருக்க முடியாது." பிறகு என் முகத்தைப் பார்த்து, "கட்டுரையில உங்க பேரு, ஊரு எதுவும் வராதுங்க," என்றார். அந்த இரக்கம்தான் என்னை இன்னும் கூசவைத்தது.

பக்கத்தில் நின்ற அப்பா துப்பாக்கியை வாங்கித் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மறுநாள் காலை, கோயிலுக்குக் கிளம்பவேண்டிய நேரத்தில், வேட்டி மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீ போப்பா. என்னால அங்கன வந்து நிக்க முடியாது. வெக்கமா இருக்கு."

"நான் போயி என்னத்தப்பா சொல்றது?"

"ஒனக்குத் தோணுனதச் சொல்லு. நீதான அந்தப் புள்ளயக் கூட்டியாந்த."

பரிவட்டம் வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக. கொட்டு நின்றது. பூசாரி துணியோடு நெருங்கினார். ஊரே என்னைப் பார்த்தது. வாய் வரவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன். குனிந்த தலையில் கட்டிவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொக்கச்சாமிப் பெரியப்பா வந்தார். அவர் கேட்டால் உடைத்துச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"ஒங்கப்பன் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிப்பான், எனக்குப் பத்திக்கிட்டு வரும். நீ எம்புட்டுப் பணிவா நிக்கிற! இனி அந்தப் புலிப் பேச்ச நான் எடுக்க மாட்டேன்ப்பா. ஒங்க பூட்டன்தான் சுட்டாரு, போ."

"சரி பெரியப்பா," என்றேன்.